பல் போன இடத்தில் பல்: இம்ப்ளான்ட் பற்றித் தெரிந்து கொள்வோம்



இந்த மாத நலவாழ்வுப் பாடம் பல்லைப் பற்றியது. பல் துலக்குவது எப்படி என்று நாம் பலமுறை படித்து விட்டோம். இது அது அல்ல. பல் விழுந்து போன பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்தப் பாடம். சமீப காலமாக கிளஸ்டர் கூட்டத்துக்குப் போகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. "மேடம், தாடை எலும்புலயே ஆணி அடிச்சு பல்லு வைக்கிறாங்களாமே, நெசமா? நம்மளுக்கெல்லாம் அது ஆகுமா? அதுக்குக் குழுவுல கடன் குடுப்பாங்களா?" டவுனில் பல் ஆஸ்பத்திரி போர்டுகளிலும், செல்போனில் வரும் விளம்பரங்களிலும் 'இம்ப்ளான்ட்' என்ற வார்த்தை அடிக்கடி கண்ணில் படுகிறது. அதனால் விவரமாகவே பார்த்து விடுவோம். ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கவும். நடுநடுவே நிறுத்தி உறுப்பினர்களைப் பேச விடவும். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை.

ஒரு பல்லுதானே போச்சு?

ஞானப் பல்லையும் சேர்த்தால் பெரியவர்களுக்கு 32 பற்கள். இதில் ஒன்றிரண்டு போனால் நாம் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. அதுவும் கடைவாய்ப் பல் என்றால் வெளியே தெரியாது, யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வாய்க்குள் வேலை நடந்து கொண்டே இருக்கிறது. காலியான இடத்தைப் பார்த்துப் பக்கத்துப் பற்கள் மெல்லச் சாய்கின்றன. எதிர்த் தாடையில் உள்ள பல், முட்டுக் கொடுக்க ஆள் இல்லாததால் கீழே இறங்கும், இல்லையென்றால் மேலே எழும்பும். சாய்ந்த பல்லின் இடுக்கில் சோறு மாட்டி அதுவும் சொத்தையாகும். ஒரு பல் போனதில் ஆரம்பித்து நாலு பல்லில் கொண்டுபோய் விடுவது இப்படித்தான்.

இன்னொன்று, பல் இருக்கிற வரைதான் அதைத் தாங்கும் எலும்புக்கு வேலை. மெல்லும்போது பல்லின் வேர் வழியாக அழுத்தம் போவதால் எலும்பு உறுதியாக நிற்கிறது. பல்லைப் பிடுங்கியதும் அந்த இடத்து எலும்பு கரைய ஆரம்பிக்கிறது. முதல் ஒரு வருடத்திலேயே அதன் அகலம் பாதி வரை குறைந்து விடக் கூடும். பல் எல்லாம் போனவர்களுக்குக் கன்னம் ஒட்டி, மோவாய் முன்னால் வந்து, வயதுக்கு மீறிய கிழத்தோற்றம் வருவது இதனால்தான்.

தோற்றத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது சாப்பாடு. கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கடைவாய்ப் பல் இல்லாதவர்கள் எதையெல்லாம் விட்டு விட்டார்கள்? வறுத்த கடலை, சுண்டல், கறி, முருங்கைக்கீரை, கொய்யாப்பழம். மிஞ்சுவது குழைந்த சோறும் ரசமும், டீயில் நனைத்த பன்னும். ரத்தசோகைக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிடும் அதே அக்கா, இரும்புச் சத்துள்ள சாப்பாட்டை மெல்ல முடியாமல் ஒதுக்கி வைத்திருக்கிறார். சர்க்கரை உள்ளவர் பயறும் காயும் சாப்பிட வேண்டியவர், ஆனால் அவருக்கு மெல்ல முடிவது வெள்ளைச் சோறு மட்டும்தான்.

"எனக்கு வயசாச்சு, இனிமே பல்லு எதுக்கு?" என்று ஒரு உறுப்பினர் சொன்னார். அவருக்கு வயது 48. வீட்டுக்காரருக்குப் பல் வலி என்றால் அன்றைக்கே டவுனுக்கு வண்டி கிளம்புகிறது. நமக்கு என்றால் கிராம்பை வைத்து ஒரு வருடம் ஓட்டுகிறோம். "பிள்ளை பெத்தா பல்லு போகத்தான் செய்யும்" என்று சொல்லியும் நம்மை அடக்கி வைத்திருக்கிறார்கள். இது உண்மை இல்லை. வயிற்றில் இருக்கும் குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதில்லை. கர்ப்ப காலத்தில் ஈறு எளிதில் வீங்கும், ரத்தம் வரும். அந்த நேரத்தில் வாயைக் கவனிக்காமல் விடுவதால்தான் பல் கெடுகிறது. "பல்லு போனா சொல்லு போச்சு" என்பார்கள். நம் வீடுகளில் பல்லுக்கு முன்னாலேயே சொல்லு போய்விட்டது!

திருகாணியும் தொப்பியும்

சரி, இம்ப்ளான்ட் என்றால் என்ன? நம் பல்லில் வெளியே தெரிவது பாதிதான். மீதி, வேராக எலும்புக்குள் புதைந்திருக்கிறது. வேலிக்கு நட்ட கல்கால் போல. பல் போனது என்றால் வேரும் சேர்ந்து போய்விட்டது. இம்ப்ளான்ட் முறையில் முதலில் செயற்கையாக ஒரு வேரை எலும்புக்குள் நடுகிறார்கள். பிறகு அதன் மேல் பல்லை வைக்கிறார்கள்.

தோட்டுக்கும் மூக்குத்திக்கும் திருகாணி போடுகிறோம் அல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரிதான். எலும்புக்குள் போகும் திருகாணி டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆனது. பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனும், 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளமும் இருக்கும். அதன் தலையில் ஒரு சிறிய இணைப்புத் துண்டு. அதற்கு மேலே பல் நிறத்தில் தொப்பி, அதைத்தான் கேப் என்கிறார்கள். ஆக மொத்தம் மூன்று பாகம். இதை மனதில் வையுங்கள், காசு பேசும்போது உதவும்.

உடம்புக்குள் இரும்பை வைத்தால் சீழ் பிடிக்காதா என்ற சந்தேகம் வரும். அதற்குப் பதில் ஸ்வீடன் நாட்டில் கிடைத்தது. பெர்-இங்வார் பிரானமார்க் என்ற மருத்துவர் 1952-இல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து, எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து கொண்டிருந்தார். வேலை முடிந்து கருவியை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்து விட்டது. அவர் தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. டைட்டானியத்தை எலும்பு வேற்றுப் பொருளாக ஒதுக்காமல் சேர்த்துக் கொள்கிறது என்பதைப் பிறகு பல வருடம் சோதித்துப் பார்த்தார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குக் கீழ்த்தாடையில் வைத்தார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும் வரை, 40 வருடங்களுக்கு மேல், அதிலேயே மென்று சாப்பிட்டார். ஆரம்பத்தில் மற்ற மருத்துவர்கள் இதை நம்பவில்லை. 1980-களில்தான் உலகம் ஏற்றுக் கொண்டது.

சிலர் "அதை வச்சுக்கிட்டா அப்புறம் ஸ்கேன் எடுக்க முடியாதாமே" என்று கேட்கிறார்கள். டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பொதுவாக எடுக்கலாம். எடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

எத்தனை நாள் ஆகும்?

இதைத் தெரிந்து கொள்ளாமல் போய்த்தான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். காலையில் போய் சாயங்காலம் பல்லோடு வருகிற வேலை இது இல்லை.

முதலில் வாய் முழுவதையும் பார்ப்பார்கள். ஈறு நோய் இருந்தால் சுத்தம் செய்து, சொத்தை இருந்தால் அடைத்து, அதன் பிறகுதான் மற்றது. எலும்பு எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று அறிய எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சி.பி.சி.டி. என்ற ஸ்கேனும் எடுப்பார்கள். இதைச் செலவு என்று ஒதுக்கக் கூடாது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். அதில் திருகாணி பட்டால் உதடு மரத்தே போய்விடக் கூடும். மேல்தாடையில் கடைவாய்ப் பற்களுக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. அளக்காமல் போட்டால் அதற்குள் போய்விடும். எலும்பு குறைவாக இருந்தால் எலும்புத் தூள் வைத்து வளர்த்த பிறகு செய்ய வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் காலமும் தனிக் காசும் ஆகும்.

திருகாணி வைக்கும் நாளில் மரப்பு ஊசி போடுவார்கள். பல் பிடுங்கும்போது போடுகிற அதே ஊசிதான். எலும்பில் சின்னத் துளை போடும்போது சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே செய்வார்கள். வலி தெரியாது, அதிர்வு தெரியும். வீட்டுக்கு வந்தபின் இரண்டு மூன்று நாள் வீக்கமும் வலியும் இருக்கும். தையல் போட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் பிரிப்பார்கள். அந்தப் பக்கம் மெல்லக் கூடாது.

அதன் பிறகு காத்திருப்பு. எலும்பு திருகாணியைப் பிடித்துக் கொள்ளக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய 3 மாதம், மேல்தாடையில் எலும்பு மெத்தென்று இருப்பதால் 4 முதல் 6 மாதம் வரை ஆகும். நாற்று நட்ட அன்றைக்கே யாரும் பிடுங்கிப் பார்ப்பதில்லை, அதுபோலத்தான். பிடித்து விட்டது என்று உறுதியான பிறகு அளவெடுத்து கேப் மாட்டுவார்கள். மொத்தத்தில் ஐந்தாறு தடவையாவது போய்வர வேண்டியிருக்கும். பஸ் காசும், விட்டுப்போகும் கூலியும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

"ஒரே நாளில் பல்" என்று விளம்பரம் செய்கிறார்களே என்றால், எலும்பு நன்றாக இருக்கிற சிலருக்கு அன்றைக்கே தற்காலிகமாக ஒரு பல்லை வைத்து அனுப்ப முடியும். பொய் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் ஆகாது, அவ்வளவுதான். அந்தத் தற்காலிகப் பல்லில் முறுக்கு கடிக்க முடியாது என்பதை விளம்பரத்தில் சொல்வதில்லை.

சரியான ஆளுக்கு, சரியாகச் செய்தால், வைத்த நூறில் 95 அளவுக்குப் பத்து வருடம் கழித்தும் நிற்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நிற்காமல் போகிற அந்த ஐந்தில் நாம் விழாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்பது அடுத்தது.

வாய் திறக்கும் முன் சொல்ல வேண்டியவை

மருத்துவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சிலவற்றை நாமே சொல்லி விட வேண்டும். முதலாவது சர்க்கரை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குப் புண் ஆறாது, எலும்பு ஒட்டாது, சீழ் பிடிக்கும். கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அன்றைய சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதாது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் பார்க்க வேண்டும். அது 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 8-ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள், முதலில் சர்க்கரையைக் குறைத்துக் கொண்டு வாருங்கள் என்பார்கள். அப்படிச் சொல்பவர் நல்ல மருத்துவர்.

இரண்டாவது எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் மருந்து. வாரம் ஒரு மாத்திரை, அல்லது வருடத்துக்கு ஒரு ஊசி என்று சிலருக்குக் கொடுத்திருப்பார்கள். அவற்றில் சில வகை மருந்துகள் எடுப்பவர்களுக்குத் தாடை எலும்பில் கை வைத்தால் புண் ஆறாமல் எலும்பே அழுகும் ஆபத்து உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் கஷ்டம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தவர்களும் சொல்ல வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகள் பிரசவம் முடியும் வரை தள்ளிப் போடலாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தாடை வளர்ந்து கொண்டிருப்பதால் செய்ய மாட்டார்கள். விளையாட்டில் பல் உடைந்த பிள்ளைக்குக் கடன் வாங்கி இதைச் செய்ய யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். அதற்கு வேறு தற்காலிக வழிகள் இருக்கின்றன.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பேசியே ஆக வேண்டும். போயிலை. நாற்று நடப் போகும்போது, களை எடுக்கும்போது, கூடவே இடுப்பில் சுருக்குப்பையும் போகிறது. "பசி தெரியாது மேடம், குனிஞ்சு நிக்க தெம்பா இருக்கு" என்பார்கள். பசியை மறக்க ஒரு பொருளைத் தேட வேண்டிய நிலையில் வேலை செய்கிறவர்களிடம் "கெட்ட பழக்கம்" என்று சொல்லி விட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. புகையிலை ஈறுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. ஈறு இறங்கி, பல் ஆடி விழுகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்றுப் போகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. போயிலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கும் இடத்தில் வெள்ளைப் படையோ, ஆறாத புண்ணோ, வாய் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால் அது புற்றுநோய்க்கு முந்தைய அறிகுறியாக இருக்கலாம். அப்போது பல் வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் அரசு ஆஸ்பத்திரியில் வாயைக் காட்டுங்கள். போயிலையை விடாமல் எலும்பில் திருகாணி வைக்கக் கடன் கேட்கும் உறுப்பினரிடம், "முதல்ல ஆறு மாசம் விட்டுட்டு வாங்க அக்கா" என்று குழு சொல்வதில் தப்பே இல்லை.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. பழையவை என்பதால் அவை மட்டம் என்று நினைக்கக் கூடாது.

கழற்றி மாட்டும் பல்செட்டு நமக்குத் தெரிந்ததுதான். ஒரு பல்லுக்கும் செய்யலாம், முழு வாய்க்கும் செய்யலாம். சீக்கிரம் முடியும், செலவு குறைவு, எலும்பைத் தொட வேண்டாம். இரவில் கழற்றிச் சுத்தம் செய்து தண்ணீரில் போட வேண்டும். மெல்லும் பலம் சொந்தப் பல் அளவுக்கு வராது. எலும்பு கரையக் கரைய லூசாகும், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அடுத்தது பிரிட்ஜ். காலியிடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் சிறிது ராவி, மூன்றுக்கும் சேர்த்துக் கேப் போட்டு ஒட்டி விடுவது. கழற்ற வேண்டியதில்லை, இரண்டு மூன்று வாரத்தில் முடிந்து விடும். குறை என்னவென்றால், நல்ல பல் இரண்டை ராவ வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய சொத்தை அடைப்பு இருந்தால் பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம். இரண்டும் பழுதில்லாத பற்களாக இருந்தால் இம்ப்ளான்ட் நல்லது. எந்த ஊரிலும் யோசித்துப் பார்க்கக் கூடிய எளிய கணக்கு இது.

பல் முழுவதும் போனவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேல் செட்டு அண்ணத்தில் ஒட்டி நிற்கும். கீழ் செட்டுதான் நாக்கு அசையும்போதெல்லாம் எழும்பி வரும். நம் அம்மாக்கள் பலர் கீழ் செட்டை டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருப்பது இதனால்தான். இதற்காக வாய் முழுக்கத் திருகாணி போட வேண்டியதில்லை. கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டே இரண்டு போட்டு, அதன் மேல் செட்டைப் பிரஸ் பட்டன் போல மாட்டலாம். ஜாக்கெட்டில் பட்டன் போடுகிற மாதிரி 'டக்' என்று உட்காரும், கழற்றிக் கழுவவும் முடியும். 2002-இல் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய பல் மருத்துவ வல்லுநர்கள், கீழ்ப் பல் முழுதும் போனவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டிய முறை இதுதான் என்று அறிக்கை வெளியிட்டார்கள். இதை நம் பக்கத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நீங்களாகக் கேளுங்கள்.

சந்தை ஓரத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் பல் கட்டித் தருகிறவர்களிடம் மட்டும் போக வேண்டாம். பிளாஸ்டிக் மாவைப் பக்கத்துப் பல்லோடும் ஈறோடும் ஒட்டிக் கம்பி கட்டி விடுவார்கள். அடியில் சோறு அழுகி, நாற்றமடித்து, பிடித்துக் கொண்டிருந்த நல்ல பல்லும் சேர்ந்து ஆடும். 500 ரூபாயில் முடிந்தது என்று சந்தோஷப்பட்டு, பிறகு மூன்று பல்லைப் பறிகொடுத்தவர்களை நம் குழுக்களிலேயே பார்க்கலாம்.

காசுக் கணக்கு

ஒரு இம்ப்ளான்ட்டுக்கு கேப்போடு சேர்த்து ஊரையும், திருகாணி கம்பெனியையும், கேப்பின் வகையையும் பொறுத்து ஏறத்தாழ 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை தனியார் ஆஸ்பத்திரிகளில் சொல்கிறார்கள். இங்கேதான் மூன்று பாகம் என்று முன்னால் சொன்னது உதவும். "15 ஆயிரத்தில் இம்ப்ளான்ட்" என்று போர்டில் இருந்தால் அது திருகாணிக்கு மட்டுமா, இணைப்புத் துண்டும் கேப்பும் சேர்த்தா என்று கேளுங்கள். ஸ்கேன், எலும்புத் தூள், மருந்து இவை தனியா என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒட்டாமல் போனால் மறுபடி காசு வாங்காமல் வைப்பார்களா என்பதும் அந்தத் தாளில் வரட்டும். மருத்துவர் மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பார்க்க வெட்கப்பட வேண்டாம். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும், இல்லையென்றால் பதிவு எண்ணைக் கேட்கலாம். திருகாணி பாக்கெட்டில் கம்பெனி பெயரும் அளவும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் பழுது பார்க்க அந்த ஸ்டிக்கர்தான் துணை.

நம் பகுதியில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். தையல் வேலை செய்யும் ஒரு உறுப்பினருக்குக் கீழே ஒரு கடைவாய்ப் பல் இல்லை, பக்கத்தில் இன்னொன்று சொத்தையாகி வலித்தது. டவுனில் ஒரு இடத்தில் அதையும் பிடுங்கி விட்டு இரண்டு இம்ப்ளான்ட் வைக்க 70 ஆயிரம் என்றார்கள். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடி. அவர் கடன் விண்ணப்பத்தோடு கூட்டத்துக்கு வந்தார். "பல்லுக்குப் போயி எழுபதாயிரமா, இது அழகுச் செலவு" என்று பாதிப் பேர் சொன்னார்கள். பிரதிநிதி அக்கா மட்டும், "அழகா இல்லையான்னு அப்புறம் பேசுவோம், முதல்ல இன்னொரு டாக்டர்ட்ட காட்டிட்டு வரட்டும்" என்றார். இரண்டாவது மருத்துவர், சொத்தைப் பல்லின் வேர் நன்றாக இருக்கிறது, வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் காப்பாற்றி விடலாம் என்றார். ஆக, பிடுங்கத் தேவையே இல்லை. ஒரு பல்லைக் காப்பாற்றி, ஒன்றுக்கு மட்டும் இம்ப்ளான்ட் வைத்தார். 30 ஆயிரத்துக்குக் கடன் போதுமானதாக இருந்தது.

எவ்வளவு நல்ல இம்ப்ளான்ட்டும் காப்பாற்றக் கூடிய சொந்தப் பல்லுக்கு ஈடாகாது. சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெத்தை போல ஒரு சவ்வு இருக்கிறது. சோற்றில் சிறு கல் இருந்தாலும் உடனே தெரிவது அதனால்தான். திருகாணிக்கு அந்தச் சவ்வு கிடையாது.

அந்த 30 ஆயிரம் கடனைப் பார்ப்போம். குழுவில் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. அசல் மாதம் 1,500 வீதம் 20 மாதம். முதல் மாத வட்டி 300. அசல் குறையக் குறைய வட்டியும் மாதம் 15 ரூபாய் குறையும். 20 மாதத்துக்கு மொத்த வட்டி 3,150 ரூபாய். இதே பணத்தை வெளியில் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,500 வட்டிக்கே போகும். 20 மாதத்தில் 30 ஆயிரம் கட்டிய பிறகும் அசல் 30 ஆயிரம் அப்படியே நிற்கும். கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டவும்.

வேலை பல மாதம் நடப்பதால் கடனையும் ஒரே தவணையில் கொடுக்கத் தேவையில்லை. திருகாணி வைக்கும்போது ஒரு பங்கு, கேப் போடும்போது மீதி என்று தீர்மான நோட்டில் எழுதலாம். இடையில் வைத்திருக்கும் பணம் கோழியாகவும் கொலுசாகவும் மாறி விடாமல் இருக்கும்! இது அழகுச் செலவா என்ற கேள்விக்கு என் கருத்து: மெல்ல முடியாதவருக்கு மெல்ல வழி செய்வது மருத்துவச் செலவு, மருத்துவக் கடன் என்ற தலைப்பிலேயே எழுதுங்கள். அதே சமயம், பல்செட்டிலோ பிரிட்ஜிலோ முடியக் கூடியதற்கு ஆடு, நகையை விற்று இம்ப்ளான்ட் வைக்க வேண்டியதில்லை.

அரசு வழிகளையும் முதலில் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், பல வட்ட மருத்துவமனைகளிலும், பல் மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் எடுப்பது, சொத்தை அடைப்பது, ஈறு சுத்தம் செய்வது நடக்கிறது. பெரிய வேலைகளுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சென்னையில் உள்ளது 1953-இல் தொடங்கியது. சிதம்பரத்தில் ஒன்று உள்ளது. புதுக்கோட்டையில் 2023-இல் திறக்கப்பட்டது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர்கள் மேற்பார்வையில் மேற்படிப்பு மாணவர்கள் செய்வதால் கட்டணம் வெளியை விடக் குறைவாக இருக்கும். நேரம் அதிகம் ஆகும், நாலு தடவை கூடப் போக வேண்டியிருக்கும். காப்பீட்டு அட்டையில் எது வரும், எது வராது என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் கேட்டு விட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

வைத்த பிறகு

திருகாணியும் கேப்பும் சொத்தையாகாது. அதனால் கவனிக்க வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நம்முடையவைதானே. அழுக்குச் சேர்ந்தால் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, எலும்பு கரைந்து, கடைசியில் திருகாணி ஆடும். இதில் ஒரு தந்திரம் உண்டு, பெரும்பாலும் வலிக்காது. வலிக்கும்வரை காத்திருந்தால் நேரம் கடந்து விடும். செங்கல் பொடி, கரித்தூள், உப்பு இவற்றால் தேய்ப்பதை நிறுத்தி, மென்மையான பிரஷால் காலை, இரவு இரண்டு வேளை துலக்க வேண்டும். இடுக்குக்கு என்றே சின்ன பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். துலக்கும்போது ரத்தம், கெட்ட வாடை, கேப் லேசாக அசைவது, கடிக்கும்போது சத்தம் இவற்றில் எது வந்தாலும் அந்த வாரமே போக வேண்டும். கேப் மட்டும் ஆடினால் பெரும்பாலும் உள்ளே உள்ள சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், முறுக்கி விட்டால் சரியாகும். விட்டு வைத்தால் உடையும். சோடா பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கும் வீரம் இனி வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

பாடம் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு உறுப்பினரும் நாக்கால் தடவித் தன் வாயில் எத்தனை பல் இல்லை என்று எண்ணிச் சொல்லட்டும். சிரிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை. எத்தனை பேர் ஒரே பக்கமாக மெல்கிறார்கள், எத்தனை பேர் பல் இல்லாததால் எந்த உணவை விட்டார்கள், எத்தனை பேருக்குச் சர்க்கரை உண்டு, எத்தனை பேர் போயிலை போடுகிறார்கள் என்று ஊக்குநர் ஒரு தாளில் எண்ணிக்கை மட்டும் குறிக்கவும், பெயர் வேண்டாம். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இருப்பதாகச் சொல்பவர்களைத் தனியாக அழைத்துப் பேசி, துணைக்கு ஒருவரோடு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கவும். எண்ணிக்கைத் தாளை அடுத்த கிளஸ்டர் கூட்டத்தில் களப்பணியாளரிடம் கொடுங்கள். எந்த ஊராட்சிகளில் தேவை அதிகம் என்று பார்த்து, அங்கே பல் பரிசோதனை முகாம் வைக்கச் சுகாதாரத் துறையிடம் மனு கொடுக்கலாம்.